இரைப்பையைக் கண்ட கதை: உழைப்பாளர் உடலும் அகநோக்கு மருத்துவமும்

மருத்துவத்தின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாகவும் அவற்றை ஆக்கிய மேதைகளின் வரலாறாகவும் எழுதுவதே பெருவழக்காக இருந்துவந்துள்ளது. ஒரு கருவி எவருடைய உடலிலே முதலிற் பரீட்சிக்கப்பட்டது, அவ்வுடலுக்குரியவன் எத்தொழில் செய்து பிழைத்தான், கருவி செம்மையுற்றபின் அதன் பயன் அவனையொத்தாரை எப்பொழுது வந்தடைந்தது என்னும் வினாக்கள் அவ்வரலாறுகளில் அடிக்குறிப்பாகவேனும் இடம்பெறுவது அரிது. இரைப்பையிலே தோன்றிக் குருதி கசியும் தசை வளர்ச்சிகளை வயிற்றைக் கீறாமலே அகற்றும் முறை, இவ்வினாக்களை எழுப்புவதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். புறக்கோட்டையில் நின்று நோக்கும்போது அவற்றைத் தவிர்க்கவும் இயலாது.

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவிலே மூட்டைகளை ஏற்றி இறக்குவோரை நாட்டாமைகள் என்பர். தமிழகத்துச் சிற்றூர்களிலே ஊர்த்தலைவனைச் சுட்டும் சொல் கொழும்பிலே சுமைதூக்குவோனைச் சுட்டுவதாயிற்று. இப்பொருள் மாற்றத்தின் சமூக வரலாறு தனியே ஆராயத்தக்கது. அரிசி, பருப்பு, சீனி, செத்தல் மிளகாய் என்பன லொறியிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து கைவண்டிக்கும் இவர்களுடைய முதுகுகளின் மீதே செல்கின்றன. கூலி பெரும்பாலும் அன்றன்று தூக்கிய சுமைக்கேற்பவே. தூக்காத நாள் கூலியில்லாத நாள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஐம்பது வயதைக் கடந்த நாட்டாமை ஒருவரை நான் அறிந்திருந்தேன். மலையகத்திலிருந்து இளமையிலே கொழும்புக்கு வந்தவர். அவருக்கு வயிற்றுவலி இல்லை, வாந்தி இல்லை. மூட்டையுடன் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. கண்ணின் கீழிமை வெளுத்திருந்தது. கடைக்காரர் அதனைச் சோம்பல் என்றார்; உடன் உழைத்தோர் குடி என்றனர். இரத்தம் குறைவு என்று கூறி இரும்புச்சத்துக் குளிசைகள் கொடுக்கப்பட்டன. அவற்றை விழுங்குவோருக்கு மலம் கருமையாகவே கழியும் என்பது பலரும் அறிந்தது. இரைப்பையினுள்ளே குருதி கசிந்தாலும் மலம் கருமையாகவே கழியும். முன்னதற்குக் கூறப்பட்ட விளக்கம் பின்னதை மறைத்துவிட்டது. இவ்வாறு ஓராண்டுக்கு மேற் கழிந்தது. இறுதியில் அரசாங்க வைத்தியசாலை ஒன்றிலே கமரா விட்டுப் பார்த்தபோது, இரைப்பையின் கீழ்ப்பகுதியிலே சிறு காம்பொன்றிற் தொங்கிய தசை வளர்ச்சியும், தேய்ந்து புண்ணாகியிருந்த அதன் நுனியும் கண்டறியப்பட்டன.

அகநோக்கி என்று நாம் எழுதுவதைப் புறக்கோட்டையிலே கமரா என்றே வழங்குவர். அவ்வழக்கு எள்ளத்தக்கதன்று, ஏட்டுச் சொல்லினும் அது பொருத்தமானது என்பதைப் பின்னர்க் காண்போம். அகற்றப்படும் பொருளுக்கு மருத்துவர் வழங்கும் பெயர் பொலிப்பு என்பதாகும். பல கால்களையுடையது என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது அது.

வயிற்று நோய் தமிழிலக்கியத்துக்குப் புதிதன்று. சித்த மருத்துவம் குன்மத்தை எட்டு வகையாகப் பகுத்தது. அப்பரை வருத்திய சூலையைப் பெரியபுராணம் விரித்துரைக்கின்றது. சமணத்தினின்று சைவத்துக்கு அவர் திரும்பியதற்கு அந்நோயே வாயிலாயிற்று. மணிமேகலையிலே காயசண்டிகையின் யானைத்தீ, எவ்வளவு உண்டும் தணியாத பசியாக வருகின்றது. ஆயின் இவையாவும் உணரப்படும் நோய்கள்: வலியாகவோ பசியாகவோ தம்மை வெளிப்படுத்துவன. வலியின்றி, ஓசையின்றி, நாளொன்றுக்குச் சிறிதளவாகக் குருதி கசிந்து ஒருவனுடைய உழைப்பாற்றலைத் தின்னும் நோய்க்கு இலக்கியத்திலே பெயரில்லை. அதனைக் கண்ணாற் கண்டாலன்றி அறியமுடியாது.

உயிருள்ள மனிதன் ஒருவனின் இரைப்பை நீண்டகாலம் கண்ணால் உற்றுநோக்கப்பட்ட புகழ்பெற்ற நிகழ்வு வட அமெரிக்காவின் மக்கினாக் தீவிலே தொடங்கியது. 1822 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6 ஆந் திகதி, அமெரிக்க உரோம வாணிகக் கம்பனியின் கடையிலே தவறுதலாக வெடித்த துப்பாக்கி, அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்னும் பிரெஞ்சுக் கனடியக் கூலியாளின் இடப்புறத்தைத் துளைத்தது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆயின் இரைப்பைக்கும் வெளியுலகுக்கும் இடையே உண்டான துவாரம் மூடவில்லை. படை மருத்துவரான வில்லியம் போமன்ட் அத்துவாரத்தினூடே இறைச்சித் துண்டுகளை நூலிற் கட்டி இறக்கியும், இரைப்பைச் சாற்றை எடுத்தும் பல ஆண்டுகள் பரிசோதனை நடத்தினார். 1833 இல் அவர் வெளியிட்ட நூல் சமிபாட்டு ஆராய்ச்சியின் அடித்தளங்களுள் ஒன்றாயிற்று.

இந்நிகழ்விலே அதிகம் பேசப்படாத ஒரு பகுதியுண்டு. சென் மார்ட்டின் போமன்டின் வீட்டிலே வேலையாளாகவும் இருந்தார், விறகு பிளந்தார், சுமை சுமந்தார். 1832 இல் இருவருக்குமிடையே எழுத்திலே ஓர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஆண்டுக்கு 150 டொலர் கூலிக்கும் உணவுக்கும் உறையுளுக்குமாக அவர் தமது சேவையோடு தமது இரைப்பையையும் பரிசோதனைக்கு ஒப்புக்கொடுத்தார். உழைப்பாற்றலை விற்பவன் தன் உடலினின்று அதனைப் பிரித்து விற்க முடியாது என்பது அரசியற் பொருளாதாரத்தின் பாலபாடம். இங்கோ உடலின் உட்புறமே நேரடியாகக் கூலிக்கு அமர்த்தப்பட்டது. சென் மார்ட்டின் பலமுறை தம் ஊருக்குத் திரும்பிப் போனார். இறுதியில் மீண்டுவர மறுத்தார். 1880 இல் அவர் இறந்தபோது, மருத்துவர் கைக்கு உடல் அகப்படாதவாறு அதனை அழுகவிட்டு ஆழக் குழிதோண்டிப் புதைத்தனர் குடும்பத்தார். அறியாமையுடையோரின் மூடச்செயலாக இதனைக் கூறுவாருளர். ஓர் ஒப்பந்தம் முடிவுற்றதை அறிவிப்பதற்கு அக்குடும்பத்துக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்பதே பொருத்தமானது.

துவாரமில்லாத உடலினுள்ளே பார்ப்பதெப்படி? மெழுகுவர்த்தி ஒளியை உடலின் துளைகளுட் செலுத்தும் கருவியொன்றை ஜேர்மனியரான பொசினி 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செய்திருந்தார். வளைந்த தொண்டையைக் கடந்து இரைப்பைவரை செல்வது வேறு சங்கதி. 1868 இல் பிறைபேர்க் நகரத்து மருத்துவர் அடொல்வ் குஸ்மால் இதற்கு விடை கண்டார் என்று நூல்கள் கூறும். உண்மையில் விடையை முன்னரே கண்டிருந்தவன் வாள் விழுங்கும் வித்தைக்காரன் ஒருவன். தலையைப் பின்னே சாய்த்து வாயையும் தொண்டையையும் களத்தையும் ஒரே நேர்கோட்டிற் கொண்டுவரலாம் என்பதையும், குமட்டலைப் பயிற்சியால் அடக்கலாம் என்பதையும் அவனுடைய தொழில் அவனுக்குக் கற்பித்திருந்தது. 47 சதமமீற்றர் நீளமான நேர்க்குழாய் அவனுள்ளே இறங்கியது. ஒளி போதாமையால் குஸ்மால் கண்டது சொற்பமே. ஆயினும் வழி திறந்தது. குஸ்மாலின் பெயர் நிலைத்துவிட்டது. வித்தைக்காரனோ பொதுவழக்கிலுள்ள வரலாறுகளிலே வெறும் வாள்விழுங்கியாகவே நிற்கிறான். தெருவிலே வயிறு வளர்ப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய உடற்கலையே விஞ்ஞானத்தின் முதற்படியாயிற்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இவ்விடத்தே சற்று நின்று ஈழத்தை நோக்குதல் தகும். 1867 இல், அதாவது குஸ்மாலின் முயற்சிக்கு ஓராண்டு முன்னர், துருவித் என்பாரின் சத்திரசிகிச்சை நூல் 'இரண வைத்தியம்' என்னும் பெயரிலே தமிழில் வெளிவந்தது. அதனை ஆக்கியோர் அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீனும் அவருடைய தமிழ் மாணாக்கருமாவர். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன், மானிப்பாயிலே மருத்துவமனையும் மருத்துவ வகுப்பும் நடத்தினார். 1860களில் தமிழையே பயிற்றுமொழியாக்கினார். 'பிரசவ வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' முதலியனவும் அம்முயற்சியின் பயன்களே. ஐரோப்பிய மருத்துவம் இரைப்பையுள் நுழைய முனைந்த அதே காலத்திலே, அம்மருத்துவத்தைப் பேசுந் தமிழும் உருவாகிக்கொண்டிருந்தது. கிறீனின் சமய நோக்கத்தை மறைக்கவேண்டியதில்லை. அவருடைய சொல்லாக்கத்திலே வடமொழி மிகுதி என்பதும் உண்மையே. எனினும் அன்று தமிழ் காலத்தோடு ஒத்து நின்றது.

அவ்வொழுங்கு ஏன் அறுந்தது? குடியேற்ற அரசின் தேவை வேறாக இருந்தது. கொழும்பிலே புறக்கோட்டை பிரின்ஸ் தெருவில், ஒல்லாந்தர் காலத்து மாளிகை ஒன்று 1796 இன் பின் ஆங்கிலேயரின் படை மருத்துவமனையாயிற்று. 1982 முதல் அது ஒல்லாந்தர் கால அரும்பொருட்சாலையாக உள்ளது. ஆட்சியாளரின் மருத்துவம் முதலில் ஆட்சியாளரின் போர்வீரருக்கே உரியதாயிருந்தது என்பதற்கு அக்கட்டிடம் சான்று. பின்னர்த் தோட்டப் பொருளாதாரமும் துறைமுகமும் வளர, தொழிலாளர் உடல்நலம் அரசின் கணக்கிலே ஏறியது. 1864 இல் கொழும்புப் பொது வைத்தியசாலையும், 1870 இல் மருத்துவக் கல்லூரியும் தோன்றின. கல்லூரியின் மொழி ஆங்கிலம்; அரசாங்க உத்தியோகத்தின் மொழியும் அதுவே. 1873 இல் கிறீன் நாடு திரும்பினார். மொழிபெயர்ப்பை 1884 இல் இறக்கும்வரை அவர் தொடர்ந்தாராயினும், தமிழிற் கற்ற மருத்துவனுக்கு வளருமிடம் இல்லாதுபோயிற்று. புறக்கோட்டை நாட்டாமையின் நோயைப் பற்றி மருத்துவர்கள் தமக்குள்ளே பேசும் மொழி இன்றும் அவனுக்கு விளங்காதிருப்பதன் வேர் இங்கேதான் உள்ளது.

மீண்டும் கருவிக்கு வருவோம். குஸ்மாலின் குழாய்க்கு வேண்டியிருந்தன இரண்டு: போதிய ஒளி, வளையுந் தன்மை. ஒளியை மின்கைத்தொழில் தந்தது. வளைவைத் தருவதற்கு மேலும் நெடுங்காலமாயிற்று. 1932 இல் மியூனிச் மருத்துவர் ருடொல்வ் சின்ட்லரும் பேர்ளினிலே கருவிகள் செய்த கேயோர்க் வொல்வும் இணைந்து, பல வில்லைகளை வரிசையாகக் கோத்து ஓரளவு வளையக்கூடிய இரைப்பைநோக்கியை ஆக்கினர். நாசிகள் சின்ட்லரைச் சிறையிலிட்டனர். 1934 இல் அவர் சிக்காகோ சென்றார். அமெரிக்காவிலே இத்துறை தழைத்தமைக்கு அவ்வகதியின் வருகையும் ஒரு காரணம்.

சின்ட்லரின் கருவியாற் கண்டவற்றுள் ஒன்று புறக்கோட்டைக்கு நேரே உரியது. 1938 இல் டௌத்வெயிற், லின்ரொட் என்னும் ஆங்கிலேய மருத்துவர் இருவர், அஸ்பிரின் உட்கொண்டவர்களின் இரைப்பையை இக்கருவியாற் பார்த்து, அக்குளிசை இரைப்பையின் உட்சுவரைப் புண்படுத்துவதை வெளியிட்டனர். நாற்பதாண்டுகளாகத் தீங்கற்றதென விற்கப்பட்ட பண்டம் அது. இன்றும் முதுகுநோவுக்கும் முழங்கால் நோவுக்கும் வலிக்குளிசை விழுங்கியே பல நாட்டாமைகள் அடுத்தநாள் வேலைக்கு எழுகின்றனர். கேபோஸ் லேனிலே நாட்டு மருந்துக் கடைகள் வரிசையாக உள்ளன. தைலமும் சூரணமும் அங்கே வாங்கலாம். ஆயின் தைலம் பூசி ஓய்ந்திருக்க நேரம் வேண்டும். குளிசைக்கு ஒரு மிடறு தேநீர் போதும். குருதி கசியும் பொலிப்பு ஒருவனுக்கு ஏற்கெனவே இருக்குமாயின், இக்குளிசை அக்கசிவைப் பெருக்கவும் கூடும். உழைப்பாற்றலை நாடோறும் மீளாக்கம் செய்வதற்காக விழுங்கப்படும் பொருளே அதனை உள்ளிருந்து அரிக்கின்றது.

முற்றிலும் வளையும் கருவி கண்ணாடி நாரினாற் பிறந்தது. 1954 இல் 'நேச்சர்' சஞ்சிகையிலே ஹொப்கின்சும், பஞ்சாபிலே பிறந்து இலண்டனிலே ஆய்வுசெய்த நரிந்தர் சிங் கபானியும், நுண்ணிய கண்ணாடி நார்க்கற்றையினூடாகப் படத்தைக் கடத்துவதுபற்றி எழுதினர். அக்கட்டுரையைப் படித்த ஹிர்ஷோவிற்ஸ் என்னும் தென்னாபிரிக்க மருத்துவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலே முயற்சியைத் தொடர்ந்தார். நார்கள் ஒன்றையொன்று தொடுமிடத்தில் ஒளி கசிந்தது. 1956 டிசம்பரில் லோறன்ஸ் கேட்டிஸ் என்னும் மாணவர், முறிவுச் சுட்டி குறைந்த கண்ணாடிக் குழலினுள்ளே கண்ணாடிக் கோலை இட்டு இரண்டையும் ஒன்றாக உருக்கி இழுத்தார். உறையிட்ட நார் கிடைத்தது. முழுவுட்டெறிப்பால் ஒளி வெளியேறாது நெடுந்தூரம் சென்றது. 1957 பெப்ரவரியில் ஹிர்ஷோவிற்ஸ் அக்கருவியை முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார். சென் மார்ட்டினோடும் வாள்விழுங்கியோடும் ஒப்பிடும்போது இவ்வொரு செயலுக்காக அவருக்குத் தனி மதிப்பளிக்கலாம்.

இதே காலத்தில் யப்பானிலே வேறொரு தேவை இருந்தது. அங்கு இரைப்பைப் புற்றுநோய் பெருங்கேடாக விளங்கியது. 1950 அளவில் ஊஜி என்னும் மருத்துவரும் ஒலிம்பஸ் நிறுவனத்துப் பொறியியலாளரும் சேர்ந்து, குழாயின் நுனியிலே சிறு நிழற்படக் கருவியைப் பொருத்தி இரைப்பையினுள்ளே இறக்கினர். ஆகவே புறக்கோட்டையார் வழங்கும் கமரா என்னும் சொல் வரலாற்றுக்கு முரணானதன்று. 1983 இல் நாரின் இடத்தை மின்னணுப் படவாங்கி பிடிக்கத் தொடங்கியபின் அச்சொல் முற்றுமுழுதாகப் பொருந்திவிட்டது.

பார்த்தல் செய்தலாக மாறியது 1960களின் இறுதியில். யப்பானிலே இரைப்பைப் பொலிப்புகளும், 1969 இல் நியூயோர்க்கிலே ஷின்யா, வொல்வ் ஆகியோரால் பெருங்குடற் பொலிப்புகளும் அகநோக்கியின் வழியே அகற்றப்பட்டன. அதற்கு முன்னர் வயிற்றையும் இரைப்பையையும் கீறித் திறப்பதே வழி. சுமைதூக்குவோனுக்கு வயிற்றுத்தசையில் விழும் வெட்டு தொழிலில் விழும் வெட்டாகும். புதிய முறையின் தத்துவம் எளியது. கருவியின் உட்குழலினூடே மெல்லிய கம்பிச் சுருக்கு ஒன்று செல்லும். மருத்துவர் அதனைப் பொலிப்பின் காம்பிலே மாட்டி மெல்ல இறுக்குவார். உயர் அதிர்வெண் மின்னோட்டம் கம்பியிற் பாயும்போது காம்பு அறுபடும். அறுபட்ட வாய் சூட்டினால் அடைபடும்.

எளிய தத்துவமாயினும் இரைப்பை குருதி நிறைந்த உறுப்பு. காம்பினுள்ளே ஓடும் நாளம் சரியாக அடைபடாவிடின், நாட்கணக்கிற் கசிந்தது நிமிடக் கணக்கிற் கொட்டும். இதனாலேயே அறுக்குமுன் அடிப்பாகத்திலே ஐதாக்கிய அதிரினலின் ஏற்றி நாளங்களைச் சுருங்கச் செய்வதும், காம்பை நைலோன் தடத்தாற் கட்டிவிடுவதும், அறுத்த இடத்தை உலோகக் கவ்விகளாற் பிடிப்பதும், ஆகன் வாயுவின் வழியே மின்சூடு பாய்ச்சுவதும் 1980களிலும் 1990களிலும் வழக்குக்கு வந்தன. அகற்றிய துண்டு நோயியல் ஆய்வுக்குச் செல்லவேண்டும். பொலிப்புகளிற் பல தீங்கற்றவை. சில புற்றாக மாறுந் தன்மையுடையவை. கண்ணால் மட்டும் பிரித்தறிய முடியாது. அன்றியும், 1980களிலே அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் வொறன், மார்ஷல் ஆகியோர் இரைப்பை அழற்சியோடு தொடர்புபடுத்திய கிருமி ஒருவகைப் பொலிப்புகளோடும் தொடர்புடையது. கிருமியை ஒழித்தபின் அவ்வகைப் பொலிப்புகள் சில தாமே சுருங்குவதுமுண்டு. 2005 இல் அவ்விருவருக்கும் நொபெல் பரிசு கிடைத்தது.

இத்தகைய சிகிச்சை ஒரு நாட்டாமைக்குக் கட்டணமின்றிக் கிடைத்தது எவ்வாறு? அது எவருடைய கருணையுமன்று. 1931 இல் வந்த சர்வசன வாக்குரிமை ஏழையின் உடல்நலத்தை வாக்கோடு பிணைத்தது. 1934-35 மலேரியாப் பெருநோயின்போது கிராமங்களிலே நிவாரணப் பணியாற்றிய இளைஞர்களே 1935 இல் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். அவர்களுள் மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் ஒருவர். 1951 முதல் அரசாங்க வைத்தியசாலைகளிலே சிகிச்சை இலவசமாயிற்று. அதே விக்கிரமசிங்கவும் மருந்தியற் பேராசிரியர் சேனக்க பிபிலேயும் அளித்த அறிக்கையின் வழியே 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தது. வணிகப் பெயர்களை விடுத்து மருந்தின் இயற்பெயரால் வாங்குவது, உலகச் சந்தையிலே கேள்விப்பத்திரம் கோருவது என்னும் இரண்டு எளிய நெறிகளைக் கொண்டு பல்தேசிய நிறுவனங்களோடு மோதிய பிபிலே 1977 இற் காலமானார். அதே ஆண்டு திறந்த பொருளாதாரம் வந்தது.

பிபிலேயின் நெறி குளிசைக்குப் பொருந்தியது. அகநோக்கிக்கு அது அவ்வளவு எளிதிற் பொருந்தாது. இக்கருவியின் உலகச் சந்தை விரல்விட்டெண்ணத்தக்க யப்பானிய நிறுவனங்களின் கையிலே உள்ளது; சுருக்கும் கவ்வியும் ஊசியும் அந்நியச் செலாவணி கொடுத்தே வாங்கப்படுவன. 2022 இலே செலாவணி வற்றியபோது மருந்துப் பற்றாக்குறையால் பேராதனைப் போதனா வைத்தியசாலையிற் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டதை நாம் கண்டோம். கட்டணமில்லாத சிகிச்சைக்கும் இறக்குமதிக் கவ்வி வேண்டும்.

கட்டணமின்மை பற்றியும் ஒரு சொல். நான் முன்னர்க் குறிப்பிட்ட நாட்டாமை கிளினிக்குக்கு இரு நாள், பரிசோதனைக்கு ஒரு நாள், பொலிப்பை அகற்றியபின் தங்கியிருந்து இரு நாள், அறிக்கை பெற ஒரு நாள் என ஆறு நாட்கூலியை இழந்தார். சிகிச்சை ஓராண்டு பிந்தியதற்கு அச்சமோ அறியாமையோ காரணமன்று. அவர் அந்த ஆறு நாட்களையும் கணக்கிட்டுப் பார்த்திருந்தார்.

நோயியல் அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அதனை என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார். கலைச்சொற்களுக்கு நேர்தமிழ் தேடித் தடுமாறிய நான், வளர்ந்திருந்தது கெடுதியில்லாத தசை என்றும், முழுதாக எடுத்துவிட்டார்கள் என்றும், கிருமிக்குரிய மருந்தை இடையில் விடாமற் குடிக்கவேண்டும் என்றும், வலிக்குளிசையைத் தொடக்கூடாது என்றும், ஓராண்டின்பின் மீண்டும் கமரா பார்க்கவேண்டும் என்றும் எடுத்துக் கூறினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாஞ் சரி தம்பி. எப்ப மூட்டை தூக்கலாம்னு இதுல எங்கயாச்சும் போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. மறுநாட் காலையிலேயே அவர் நாலாம் குறுக்குத் தெருவுக்குப் போய்விட்டார் என்று பின்னர் அறிந்தேன்.